‘உதவி’ என்று ஒரு சொல்: முதுகலை நிதிப் பட்டியல் ஒன்றை வாசித்தபோது

சென்ற ஆண்டு எங்கள் ஆசிரியர் புலனக் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. ‘முதுகலை, முனைவர் பட்டம் படிக்க விரும்புவோருக்கான நிதி உதவிகள்’ என்று தலைப்பு. மொத்தம் பதினான்கு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும் ஓர் இணைய முகவரியும் இருந்தன. கீழே இரு கரம் கூப்பிய படத்துடன் ‘நம் பிள்ளைகளுக்குப் பகிருங்கள்’ என்ற வேண்டுகோள். யார் தொகுத்தார் என்று தெரியாது. நானும் படித்துப் பார்க்காமல் என் பழைய மாணவர் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு மாணவி அழைத்தாள். எஸ்.டி.பி.எம். வரை என்னிடம் தமிழ் படித்தவள். இளங்கலை முடித்து, பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது.

“டீச்சர், நீங்க அனுப்புன லிஸ்ட்ல இருந்து ஒண்ணு கெடச்சிருச்சு. ஆனா லெட்டர்ல ரெண்டு பெஞ்சாமின் வேணும்னு போட்டிருக்கு. அப்பா கையெழுத்துப் போடலாமா?”

“கெடச்சது பியாசிஸ்வாவா, பிஞ்சாமானா?”

“உதவின்னுதானே டீச்சர் போட்டிருந்தீங்க?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பெஞ்சாமின் என்றால் பிணையாளர். இனாமாகக் கொடுப்பவர் எவரும் பிணையாளர் கேட்பதில்லை. அன்று இரவு அந்தப் பட்டியலை மறுபடி திறந்து, வகுப்பில் ஒரு பனுவலை வாசிப்பதுபோல் வரி வரியாக வாசித்தேன். அந்த வாசிப்பைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகுத்தவரைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. குறை சொல்வதென்றால், படிக்காமல் பகிர்ந்த என்னைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சொல்லில் தொடங்கும் குழப்பம்

பட்டியலின் முதல் குறை அதன் தலைப்பிலேயே இருக்கிறது. பதினான்கு வரிகளையும் ‘உதவி’ என்ற ஒரே சொல் மூடிவிடுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அவை ஐந்து வகை. திருப்பித் தர வேண்டாதது ஒரு வகை. திருப்பித் தர வேண்டியது இன்னொரு வகை. வேலை செய்து பெறும் ஊதியம் மூன்றாவது. நம்முடைய சேமிப்பையே நாம் எடுத்துக்கொள்வது நான்காவது. வரியில் கிடைக்கும் கழிவு ஐந்தாவது.

மலாய் மொழியில் இந்த வேறுபாடு கடிதத்தின் முதல் பக்கத்திலேயே தெரியும். பியாசிஸ்வா வேறு, பிஞ்சாமான் வேறு. இரண்டுக்கும் நடுவில் ‘பிஞ்சாமான் போலே ஊபா’ என்று ஒன்று உண்டு. தேர்ச்சியைப் பொறுத்துக் கடன் முழுவதுமோ ஒரு பகுதியோ உபகாரச் சம்பளமாக மாறும். தேர்ச்சி இல்லையென்றால் கடன் கடனாகவே நிற்கும். ‘பெம்பியாயான்’ என்றால் நிதியளிப்பு. அது மென்மையான சொல்தான். ஆனால் பி.டி.பி.டி.என். அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்பதால் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை.

இவை எல்லாவற்றையும் நாம் தமிழில் கல்வி உதவி, நிதி உதவி, கடனுதவி என்றே எழுதுகிறோம். ‘கடனுதவி’ என்ற தொடரைக் கொஞ்சம் பாருங்கள். முன்னால் நிற்பது கடன், பின்னால் நிற்பது உதவி. கேட்பவர் காதில் கடைசிச் சொல்தான் தங்குகிறது. நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் ‘உபகாரச் சம்பளம்’ இன்னொரு விதமான குழப்பம். உபகாரம் என்றால் கைம்மாறு கருதாதது. சம்பளம் என்றால் வேலைக்குக் கிடைப்பது. இரண்டையும் ஒட்டிவைத்த இந்தத் தொடரில் ஓர் உண்மையும் இருக்கிறது. பெரும்பாலான உபகாரச் சம்பளங்கள் உபகாரமாக வந்து, பிறகு வேலையாகக் கணக்குத் தீர்க்கச் சொல்பவைதான்.

‘கடன்’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் கடமை என்றும் பொருள் உண்டு. தேர்வு எழுதும் மாணவர்கள் இந்த இருபொருளைக் கவனித்துக்கொள்ளுங்கள். கடமையாக நினைத்துக் கையெழுத்திடும் பெற்றோருக்கு, அது திருப்பித் தர வேண்டிய பணமும்கூட என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பொருந்தாததும் பழையதும்

இரண்டாவது குறை, பட்டியல் யாருக்காக என்ற எண்ணமே அதில் இல்லை. ‘நம் பிள்ளைகளுக்கு’ என்று பகிரப்பட்ட பட்டியலில் நான்காவது வரி மாரா. மாராவின் கல்விக் கடன் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. வேறு எங்கோ இருந்த ஒரு பட்டியலை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு வரியே சான்று. அந்த வரியை நம்பி ஒரு மாலைப் பொழுது முழுக்கப் படிவம் தேடும் மாணவனுக்கு யார் பதில் சொல்வது?

ஏழாவது வரியில் ‘மைபிரெயின் 15’ இருந்தது. 2023க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவது என்ற பெரிய இலக்கோடு தொடங்கிய திட்டம் அது. அதில் முதுகலைக்கு மைமாஸ்டர், முனைவர் பட்டத்துக்கு மைபிஎச்டி என்று பிரிவுகள் இருந்தன. என் வயதொத்த ஆசிரியர்கள் பலர் அதனால் படித்தார்கள். 2016இல் அதற்குப் புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. பின்னர் வந்த மைபிரெயின் 2.0 தனித் திட்டம். அதற்கு விதிகளும் தனி. பட்டியல் பழைய பெயரையே ஏந்தி நின்றது. ஆண்டு குறிப்பிடாத பட்டியல், பயனீட்டுத் தேதி அச்சிடாத பால் டின் மாதிரி.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே நிற்கலாம். ஐந்து ஆண்டு கழித்து முதுகலை படிக்கலாம் என்று இன்று திட்டமிடும் ஐந்தாம் படிவ மாணவர், இன்றைய பட்டியலை நம்பித் திட்டமிட முடியாது. பட்டியலை எப்படி வாசிப்பது என்பதைத்தான் அவர் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை

மூன்றாவது குறைதான் பெரியது. ஒவ்வொரு வழியிலும் என்ன கிடைக்கும் என்று பட்டியல் சொல்கிறது. என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குக் கல்வி அமைச்சின் ஹாடியா லத்தியான் பெர்செக்குத்துவான், அதாவது எச்.எல்.பி., நல்ல வழி. முழுச் சம்பளத்தோடு விடுப்பு எடுத்துப் படிக்கலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. வீட்டுக் கடனும் கார் கடனும் உள்ள முப்பது வயதுக்காரருக்கு மாதச் சம்பளம் நிற்காமல் வருவதே பெரிய நிதி. ஆனால் அதற்குப் பின் சேவை ஒப்பந்தம் இருக்கிறது. படிப்பை உரிய காலத்தில் முடிக்க வேண்டும், முடித்த பின் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும். காலம் நீண்டால் என்ன ஆகும் என்ற பத்தியை, விண்ணப்பிப்பதற்கு முன்பே வாசித்துவிட வேண்டும்.

ஆய்வு உதவியாளர் பணி, தமிழ்த்துறை மாணவர்கள் அதிகம் யோசிக்காத வழி. எஃப்.ஆர்.ஜி.எஸ். எனப்படும் அடிப்படை ஆய்வு மானியத்தைப் பெற்ற பேராசிரியர், அதிலிருந்து பட்ட மேற்படிப்பு மாணவரை உதவியாளராக அமர்த்தி மாத ஊதியம் தரலாம். அறிவியல் துறை மாணவர்கள் இடம் தேடும்போதே ‘கிராண்ட் இருக்கிறதா?’ என்று கேட்கிறார்கள். நம் மாணவர்கள் அப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். பணிவோடு கேட்டால் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதிலும் ஒரு கணக்கு உண்டு. அந்த மானியத்தின் காலம் இரண்டு முதல் மூன்று ஆண்டு. முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் அதைத் தாண்டும். மானியம் தொடங்கி ஓராண்டு ஆன பிறகு சேர்பவருக்கு, ஆய்வேட்டின் கடைசி இயல்களை எழுதும் நேரத்தில் ஊதியம் நின்றிருக்கும். மானியம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த மாதம் முடிகிறது என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது ஊழியர் சேமநிதி. பட்டியலில் இதுவும் ‘உதவி’தான். 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுகாலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கும் போகின்றன. கல்விக்கான பணத்தைச் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். தன் படிப்புக்கு மட்டும் இல்லை, பிள்ளையின் படிப்புக்கும் எடுக்கலாம். அப்படியென்றால் இந்த ‘உதவி’யைக் கொடுப்பவர் யார்? அப்பாவின் முதுமை. 2023இல் வழக்கமான சேமிப்புக்கு 5.50 விழுக்காடும் 2024இல் 6.30 விழுக்காடும் ஈவு கிடைத்தது. ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று அடக்கமாக வைத்துக்கொண்டாலும், இன்று எடுக்கும் 15,000 ரிங்கிட், எடுக்காமல் விட்டிருந்தால் பத்து ஆண்டில் 24,000 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்பாவிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிட்டு எடுங்கள் என்கிறேன்.

அடுத்தது வருமான வரிக் கழிவு. உண்மையில் பகுதி நேரமாகப் படிக்கும் ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது அதுதான். சொந்தப் படிப்புக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு கோரலாம். முதுகலை, முனைவர் பட்டம் என்றால் எந்தத் துறையாக இருந்தாலும் சரி. தமிழ் இலக்கியமும் அடங்கும். அதற்குக் கீழ்நிலைப் படிப்புகளுக்குச் சட்டம், கணக்கியல், தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே. நான் முதுநிலைப் பட்டயம் படித்தபோது கட்டண ரசீதுகளை ஒரு கோப்பில் பத்திரமாகச் சேர்த்து வைத்தேன். கல்வியியல் பட்டயம் அந்த வரிசையில் இல்லை என்பது படிவத்தை நிரப்பும்போதுதான் தெரிந்தது. இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. 7,000 கழிவு என்றால் 7,000 ரிங்கிட் கைக்கு வராது. வரிக்குரிய வருமானத்தில் அந்தத் தொகை குறையும், அவ்வளவுதான். அந்த 7,000மும் 11 விழுக்காட்டுப் படியில் விழுகிறவருக்கு மிச்சமாவது 770 ரிங்கிட். வருமானமே இல்லாத முழு நேர மாணவருக்கு ஒன்றும் இல்லை.

வெளிநாட்டு வழிகளில் பிரிட்டனின் செவனிங், ஓராண்டு முதுகலைக்குக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானச் சீட்டு எல்லாவற்றையும் ஏற்கிறது. அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். நேற்றுப் பட்டம் வாங்கிய மாணவருக்கு இது இன்று பொருந்தாது; இரண்டு மூன்று ஆண்டு பணியாற்றிய ஆசிரியருக்குப் பொருந்தும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்க ஐ.சி.சி.ஆர். உபகாரச் சம்பளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தமிழாய்வு செய்யும் ஆசை உள்ளவர்கள் அதைப் பார்க்கலாம். விமானச் சீட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன், அந்தப் பட்டம் இங்கே பணி நியமனத்துக்கு ஏற்கப்படுமா என்று எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே தோளில் இருக்கும் கடன். முதுகலைக்கு வருபவர்களில் பலர் இளங்கலைக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கடனோடுதான் வருகிறார்கள். முழு நேரமாக மேலே படிப்பவர்கள் திருப்பிச் செலுத்துவதைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தால்தான் தள்ளிவைப்பார்கள், தானாக நடக்காது. ‘முதல் நிலைத் தேர்ச்சி வாங்கினா கடன் கட்ட வேணாம்’ என்று மாணவர்கள் சொல்லும் சலுகை இளங்கலைப் பட்டத்துக்கானது. முதுகலைக்கும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டு எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

ஒரு மறுப்பு

இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை மூத்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, “இவ்வளவு பயமுறுத்துனா நம்ம பிள்ளைங்க யாரும் மேல படிக்க மாட்டாங்கம்மா. நாங்கெல்லாம் யோசிக்காமத்தான் கையெழுத்துப் போட்டோம், இன்னிக்கு நிமிர்ந்து நிக்கலயா?” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு, முதுகலைக்கும் பணம் கிடைக்கும் என்ற செய்தியே ஒரு கதவு. அந்தக் கதவைக் காட்டிய அளவில் அந்தப் பட்டியல் நல்ல காரியம்தான் செய்தது. அது வராமல் இருந்திருந்தால் என் மாணவி விண்ணப்பித்திருக்கவே மாட்டாள்.

ஆனால் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்து நிற்பவர்களைத்தான் நாம் பார்க்கிறோம். பாதியில் விட்டு, பிணையாளராக நின்ற மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனவர்கள் ஆசிரியர் கூட்டத்துக்கு வந்து கதை சொல்வதில்லை. கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. எதில் போடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போடச் சொல்கிறேன்.

நம்மிடம் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1950களின் நடுவில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரவிருந்த நேரத்தில், தமிழ்வேள் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் சீவியவரும் கொடுத்தார், கடை வைத்திருந்தவரும் கொடுத்தார். கொடுத்த வெள்ளி எதற்கு என்பதில் எவருக்கும் குழப்பம் இல்லை: பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம், தமிழுக்கு நூல்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தபோது, அதன் பெயர் உதவி இல்லை, ‘பங்கு’. பெரிய படிப்பு இல்லாதவர்கள்தான். ஆனாலும் தாங்கள் கொடுப்பது நன்கொடையா, பங்கா என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டம் வாங்கிய நமக்குத் தெரியாமல் போவது நியாயமா?

வகுப்பறைக்கு

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்கள் உயர்கல்வி பற்றிக் கட்டுரை எழுதும்போது, ‘அரசாங்கமும் பல நிறுவனங்களும் நிதி உதவி வழங்குகின்றன’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியைப் பிரித்து எழுதப் பழக்கலாம். உபகாரச் சம்பளம், மாற்றத்தக்க கடன், கடன், ஆய்வு ஊதியம், சேமிப்பு மீட்பு, வரிக் கழிவு ஆகிய ஆறு தொடர்களையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்:

1. இந்தப் பணம் யாருடையது?
2. நான் படிப்பை முடித்தால் என்ன தர வேண்டும்? பணமா, பணிக்காலமா?
3. நான் முடிக்காவிட்டால் யார், எவ்வளவு தர வேண்டும்?
4. பணம் எந்த மாதம் நிற்கும், படிப்பு எந்த மாதம் முடியும்?

இந்த நான்குக்கும் பதில் எழுதினால் கட்டுரைக்குக் கருத்து கிடைக்கும். வீட்டில் அண்ணனோ அக்காவோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் பயன்படும். புலனத்தில் பட்டியல் பகிரும் ஆசிரியர்கள், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘கடன்’, ‘கடன் அல்ல’ என்று குறித்து, சரிபார்த்த மாதத்தையும் ஆண்டையும் சேர்த்தால் போதும். அரை மணி நேர வேலைதான்.

என் மாணவி அந்த வாரச் சனிக்கிழமை கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அப்பாவும் வந்தார். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர். மூவரும் உட்கார்ந்து பதினொரு பக்கத்தையும் வாசித்தோம். அது மாற்றத்தக்க கடன். உரிய காலத்தில் முடித்தால் ஒரு பகுதி தள்ளுபடி. முடிக்காவிட்டால் முழுத் தொகை 24,000 ரிங்கிட்டையும் பத்து ஆண்டில் கட்ட வேண்டும். அவளே கட்டத் தவறினால் பிணையாளர்கள் கட்ட வேண்டும்.

அப்பா கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இவ முடிக்கலன்னா மாசம் எவ்வளவு வரும் டீச்சர்?”

“இருநூறு வெள்ளிங்கய்யா. மேல கொஞ்சம் செலவுத் தொகை சேரும்.”

கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். “சரி, அது நம்மளால முடியும். பேனா குடும்மா” என்றார்.